‘வயசுக் கோளாறு’ என்று சொல்வதற்கு முன்: பதின்பருவ மூளைக்குள் நடப்பது

பதினைந்து வயதுப் பிள்ளை திடீரென்று யாரிடமும் முகம்கொடுத்துப் பேசுவதில்லை. அறைக்குள்ளேயே அடைந்து கிடக்கிறது. என்னவென்று கேட்டால் எரிந்து விழுகிறது. பெரியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, “வயசுக் கோளாறு, தானாகச் சரியாகிவிடும்” என்று சொல்லிக்கொள்கிறார்கள். பெரும்பாலும் சரியாகியும் விடுகிறது. இந்தச் சொல் தலைமுறை தலைமுறையாக நிலைத்திருப்பதற்குக் காரணமே அதுதான்.

ஆனால் சரியாகாமல் போகும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். இந்த ஒரு சொல்லால் அவர்களுக்கு ஆறு மாதம், ஒரு வருடம், சில சமயம் பல வருடங்கள் வீணாகிவிடுகின்றன. அவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். ‘வயது’, ‘கோளாறு’ என்ற இரண்டு சொற்களையும் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. வயது மூளையை மாற்றுகிறது என்பது முழுக்க உண்மை. அந்த மாற்றத்தையே கோளாறு என்று நினைப்பது தவறு. அந்த மாற்றம் நடக்கும் காலத்தில்தான் உண்மையான நோய்களும் உள்ளே நுழைகின்றன என்பதுதான் நம் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். மனநோய்கள் முதன்முதலில் எந்த வயதில் தலைகாட்டுகின்றன என்று கேட்டு, 192 ஆய்வுகளையும் அவற்றில் இருந்த 7 லட்சத்துக்கும் அதிகமானவர்களின் விவரங்களையும் ஒன்றாகச் சேர்த்து அலசிய ஒரு தொகுப்பாய்வு 2021இல் வெளியானது. தொடக்கங்கள் மிக அதிகமாகக் குவிந்திருந்த வயது பதினான்கரை. நோய் வந்தவர்களில் 34.6 சதவீதம் பேருக்கு அது 14 வயதுக்குள்ளேயே தொடங்கிவிட்டது. 18 வயதுக்குள் 48.4 சதவீதம். 25 வயதுக்குள் 62.5 சதவீதம்.

மாரடைப்பு, பக்கவாதம், மூட்டுத் தேய்மானம் எல்லாம் வயது ஏற ஏற வருபவை. உடம்பு தேய்கிறது, நோய் வருகிறது; புரிந்துகொள்ள எளிது. மனநோயோ உடம்பு நாளுக்கு நாள் வலுவடைந்துகொண்டிருக்கும் வயதில் வந்து நிற்கிறது. ஏன் அந்த வயதில்?

கேள்வி பழையதுதான். 1871இல் ஜெர்மனியின் கோர்லிட்ஸ் நகரில் எவால்ட் ஹெக்கர் என்ற மருத்துவர், பருவ வயதில் தொடங்கிப் பேச்சும் சிந்தனையும் சிதறிப்போகும் ஒரு நோயை விவரித்தார். அதற்குக் கிரேக்கர்களின் இளமைத் தெய்வமான ஹீபியின் பெயரைச் சேர்த்து ‘ஹீபிஃப்ரீனியா’ என்று பெயர் வைத்தார்கள். பிறகு எமில் கிரேப்பலின் அதையும் அதை ஒத்த வேறு சிலவற்றையும் ஒன்றாக்கி, ‘இளமையிலேயே வரும் அறிவழிவு’ என்று பொருள்படும் ‘டிமென்ஷியா ப்ரீகாக்ஸ்’ என்ற பெயரில் அழைத்தார். இன்று மனச்சிதைவு நோய் என்று நாம் சொல்வது அதன் வழிவந்ததுதான். நோயின் பெயரிலேயே வயது ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த வயதில் மூளைக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்கத்தான் அடுத்த நூறு ஆண்டுகளுக்கு வழி கிடைக்கவில்லை.

ஒவ்வொன்றாக எண்ணியவர்

வழியைக் கண்டுபிடித்தவர்களில் முக்கியமானவர் பீட்டர் ஹட்டன்லாக்கர். சிகாகோ பல்கலைக்கழகத்தில் குழந்தைகள் நரம்பியல் மருத்துவர். வெவ்வேறு வயதுகளில் இறந்தவர்களின் மூளையிலிருந்து, நெற்றிக்குப் பின்னால் இருக்கும் பகுதியின் துணுக்குகளை எடுத்து எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். பிறந்த குழந்தை முதல் 90 வயது முதியவர் வரை இருந்தார்கள். ஒரு நரம்பணு இன்னொரு நரம்பணுவோடு பேசிக்கொள்ளும் சந்திப்புகளை, அதாவது சினாப்ஸ்களை, அந்தப் படங்களில் ஒவ்வொன்றாக எண்ணினார்.

வயது கூடக்கூட இணைப்புகளும் கூடிக்கொண்டே போகும் என்றுதான் யாரும் நினைப்போம். அறிவு வளர்கிறது, அப்படியானால் இணைப்பும் வளர வேண்டுமே. 1979இல் அவர் வெளியிட்ட முடிவு நேர்மாறாக இருந்தது. ஒன்றிலிருந்து இரண்டு வயதுக்குள் இணைப்புகளின் அடர்த்தி உச்சத்தைத் தொட்டுவிடுகிறது. வளர்ந்தவர்களிடம் இருப்பதைவிட ஏறத்தாழ 50 சதவீதம் அதிகம். அங்கிருந்து பதினாறு வயது வரை இறங்குமுகம்தான். அதன்பிறகே ஒரு நிலைக்கு வருகிறது.

தோட்டவேலை தெரிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. கவாத்து என்று ஒரு வேலை உண்டு. செடியை அதன் போக்கில் விட்டால் கண்ட திசையில் கிளை விட்டுப் புதராகிவிடும். வேண்டாததை வெட்டினால்தான் மிச்சமிருக்கும் கிளைக்குச் சத்து போய்ப் பூ பூக்கும். மூளையும் அதையேதான் செய்கிறது: முதலில் தேவைக்கு மேல் இணைப்புகளை உண்டாக்கிவிட்டு, பிறகு அதிகம் பயன்படுவதை வைத்துக்கொண்டு மற்றதைக் கழிக்கிறது. எந்த மொழியைப் பேசுகிறோம், எதைப் பழகுகிறோம், யாரோடு வாழ்கிறோம் என்பதைப் பொறுத்து எது தங்கும், எது போகும் என்பது தீர்மானமாகிறது. பதின்பருவத்தில் ஒரு பிள்ளை புதிதாக எதையும் சட்டென்று பற்றிக்கொள்வதற்கும் இந்த வேலைக்கும் தொடர்பு உண்டு.

சரி, வெட்டும் கை எது? மூளைக்குள் மைக்ரோக்ளியா என்ற செல்கள் இருக்கின்றன. மூளையின் காவலாளியும் அவைதான், துப்புரவுப் பணியாளரும் அவைதான். கழிக்க வேண்டிய இணைப்பின்மேல் சில புரதங்கள் வந்து அடையாளம்போல ஒட்டிக்கொள்கின்றன. மைக்ரோக்ளியா அதைப் பார்த்து அந்த இணைப்பை விழுங்கிவிடுகிறது. உடம்பின் மற்ற இடங்களில் கிருமிகளை அடையாளம் காட்டும் அதே புரதங்கள்தான் இங்கே இந்த வேலையைச் செய்கின்றன. பெத் ஸ்டீவன்ஸ் முதலானோர் எலிகளின் பார்வை நரம்புப் பாதையில் இதைப் படிப்படியாகக் காட்டினார்கள்.

இங்கேதான் நோயின் கதை வந்து சேர்கிறது. 1980களின் தொடக்கத்திலேயே இர்வின் ஃபீன்பெர்க் என்ற ஆய்வாளர் ஓர் ஊகத்தை முன்வைத்திருந்தார். அவருடைய துறை தூக்கம். ஆழ்ந்த தூக்கத்தில் மூளை எழுப்பும் பெரிய, மெதுவான அலைகள் பதின்பருவத்தில் செங்குத்தாகக் குறைவதை அவர் கவனித்தார். மூளையில் ஏதோ பெரிய அளவில் கழிக்கப்படுகிறது, ஒருவேளை அந்தக் கழிப்பு தவறிப்போவதுதான் மனச்சிதைவோ என்று கேட்டார். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அது ஊகமாகவே இருந்தது. 2016இல் ஸ்டீவன் மெக்கரோலின் குழு, மனச்சிதைவு உள்ளவர்களும் இல்லாதவர்களுமாகச் சேர்ந்து ஏறத்தாழ 65,000 பேரின் மரபணுக்களை ஒப்பிட்டது. இந்த நோயோடு மரபணுவில் மிக வலுவாகத் தொடர்புகொண்டிருந்த இடத்தைத் தோண்டிப் பார்த்தபோது சிக்கியது சி4 என்ற மரபணு. மேலே சொன்னேனே, இணைப்புகளை அடையாளம் காட்டும் புரதங்கள், அவற்றில் ஒன்றை உண்டாக்கும் மரபணு அது. மூளையில் அது அதிகமாக வேலை செய்யும் வடிவத்தைக் கொண்டவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது.

கூடுதல் என்றால் எவ்வளவு? கொஞ்சம்தான். இந்த வடிவத்தோடு பிறந்தவர்களில் மிகப் பெரும்பாலானோருக்கு மனச்சிதைவு வருவதே இல்லை. ‘மனச்சிதைவு மரபணு கண்டுபிடிப்பு’ என்று தலைப்புப் போடுவது இதற்குப் பொருந்தாது. ஆனால் இந்தக் கண்டுபிடிப்பின் மதிப்பு வேறு இடத்தில் இருக்கிறது. எல்லாப் பிள்ளைகளின் மூளையிலும் நடக்கிற, நடந்தே ஆக வேண்டிய ஒரு வேலை, சிலருக்குக் கை சற்று மிஞ்சிப்போகும்போது நோயாக மாறக்கூடும் என்று அது காட்டியது. வளர்ச்சிக்கும் நோய்க்கும் நடுவே சுவர் எதுவும் இல்லை.

பின்னாலிருந்து முன்னால்

உயிரோடிருக்கும் பிள்ளைகளின் மூளை வளர்வதைப் பார்க்க எம்.ஆர்.ஐ. ஸ்கேன் வர வேண்டியிருந்தது. அமெரிக்காவின் தேசிய மனநல ஆய்வு நிறுவனத்தில் ஜே கீட் 1991இலிருந்து, ஒரே பிள்ளைகளைச் சில வருடங்களுக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப ஸ்கேன் எடுத்தார். 1999இல் வெளியான முடிவின்படி, மூளையின் முன்பகுதியில், நரம்பணுக்களும் அவற்றின் இணைப்புகளும் நிறைந்த சாம்பல்நிறப் பொருள் பெண் பிள்ளைகளுக்கு 11 வயதையும் ஆண் பிள்ளைகளுக்கு 12 வயதையும் ஒட்டி உச்சத்தைத் தொட்டு, பிறகு மெலியத் தொடங்கியது. 2004இல் அதே நிறுவனத்தின் நிதின் கோக்டேயும் கூட்டாளிகளும் அந்த மெலிதல் எந்த வரிசையில் பரவுகிறது என்று காட்டினார்கள். பார்வை, தொடு உணர்வு, அசைவு போன்றவற்றைக் கவனிக்கும் பகுதிகள் முதலில் முதிர்கின்றன. திட்டமிடுவது, ஆசையை அடக்குவது, ஒரு செயலின் விளைவை நாலையும் யோசித்துப் பார்ப்பது ஆகியவற்றில் பெரும்பங்கு வகிக்கும் நெற்றிப்பகுதி கடைசியாக முதிர்பவற்றில் ஒன்று.

ஸ்கேன் படத்தை அளவுக்கு மீறி நம்பிவிடவும் கூடாது. அதில் தெரிகிற மிகச் சிறிய புள்ளிக்குள்ளேயே கோடிக்கணக்கான இணைப்புகள் அடங்கியிருக்கின்றன. ஓர் இணைப்பைக்கூட அது தனியாகக் காட்டாது. சாம்பல்நிறப் பொருள் மெலிவதுபோலத் தெரிவதில் ஒரு பகுதி, பக்கத்தில் வெண்ணிறப் பொருள் பெருகுவதால் வருவது. நரம்பு இழைகளைச் சுற்றி மயலின் என்ற கொழுப்புறை படிவதைத்தான் வெண்ணிறப் பொருள் என்கிறோம். மின்கம்பிக்கு மேலுறை போட்டதுபோல அது செய்தியின் வேகத்தைப் பல மடங்கு கூட்டுகிறது. 1 லட்சத்து 20 ஆயிரத்துக்கும் அதிகமான ஸ்கேன்களைச் சேர்த்து 2022இல் வெளியான வளர்ச்சி வரைபடங்களில், வெண்ணிறப் பொருளின் அளவு உச்சத்தைத் தொடுவது ஏறத்தாழ 29 வயதில். ‘25 வயதில் மூளை முழுமையடைகிறது’ என்று எங்கு பார்த்தாலும் எழுதுகிறார்களே, அப்படி ஒரு கோடு மூளையில் இல்லை. ஒவ்வொரு பகுதிக்கும் அதனதன் நேரம்.

நோய்கள் வரும் வரிசையிலும் இது தெரிகிறது. இருட்டைக் கண்டு, நாயைக் கண்டு, அம்மாவைப் பிரிவதை நினைத்து மிரளும் பயங்கள் ஐந்து, ஆறு வயதில் தொடங்குகின்றன. கை கழுவிக்கொண்டே இருப்பது, பூட்டைத் திரும்பத் திரும்பச் சரிபார்ப்பது என்று ஆட்டிவைக்கும் எண்ணச் சுழற்சி நோய் பதினான்கரை வயதை ஒட்டி. பட்டினி கிடந்து உடம்பை வாட்டும் உணவுக் கோளாறுகள் பதினைந்தரையில். போதைப் பழக்கம் பத்தொன்பதரையில். மனச்சோர்வு, மனம் அளவுக்கு மீறி எழுவதும் தாழ்வதுமாக மாறும் இருதுருவ நோய், மனச்சிதைவு ஆகியவற்றின் தொடக்கங்கள் குவிவது இருபதரையை ஒட்டி. முதலில் சொன்ன அதே தொகுப்பாய்வின் கணக்குதான் இது. எந்த நேரத்தில் எந்தப் பகுதி வேலையில் இருக்கிறதோ, அதைச் சார்ந்த நோய்க்கு அந்த நேரத்தில் கதவு திறந்திருக்கிறது என்று இதை வாசிக்கலாம். எனக்கு இந்த வாசிப்பு நியாயமாகப் படுகிறது.

நண்பர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது

பதின்பருவ மூளையை ‘பிரேக் இல்லாத வண்டி’ என்று சொல்வது வழக்கம். எனக்கு அந்த உவமை பிடிக்கவில்லை. அவசரமில்லாமல், அமைதியாக உட்கார்ந்து யோசிக்கச் சொன்னால் 16 வயதுப் பிள்ளை ஏறத்தாழ பெரியவர்களைப் போலவே யோசிக்கிறது. உணர்ச்சி பொங்கும்போதும் கூட்டாளிகள் இருக்கும்போதும்தான் கதை மாறுகிறது.

மார்கோ கார்ட்னரும் லாரன்ஸ் ஸ்டைன்பெர்கும் 2005இல் வெளியிட்ட பரிசோதனை இதை அழகாகக் காட்டுகிறது. கணினியில் ஒரு கார் விளையாட்டு. சிக்னலில் மஞ்சள் விளக்கு எரிகிறது. இன்னும் கொஞ்சம் ஓட்டினால் புள்ளிகள் கூடும். ஆனால் எந்த நேரமும் குறுக்கே சுவர் எழும்பலாம், மோதினால் சேர்த்ததெல்லாம் போச்சு. தனியாக ஆடியபோது பதின்பருவத்தினருக்கும் 24 வயது தாண்டியவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. நண்பர்கள் இரண்டு பேரைப் பக்கத்தில் உட்காரவைத்ததும் பதின்பருவத்தினர் எடுத்த ஆபத்து இரண்டு மடங்கானது. பெரியவர்களிடம் மாற்றமே இல்லை. இதே போன்ற விளையாட்டை பிறகு ஸ்கேன் கருவிக்குள் ஆடவிட்டுப் பார்த்தார்கள். நண்பர்கள் பார்க்கிறார்கள் என்று தெரிந்தபோது, பதின்பருவத்தினரின் மூளையில் வெகுமதியை உணரும் பகுதிகள், டோபமைன் என்ற வேதிப்பொருள் ஆளும் பகுதிகள், கூடுதலாகத் துடித்தன.

இதை வாகன விபத்துக் கதையாக மட்டும் படித்துவிட்டுப் போய்விடுகிறோம். மறுபக்கத்தையும் படிக்க வேண்டும். நண்பர்கள் பக்கத்தில் இருப்பது இவ்வளவு இனிக்கிற மூளைக்கு, அவர்கள் ஒதுக்குவது எவ்வளவு கசக்கும்? குழுவிலிருந்து பெயரை எடுத்துவிட்டார்கள் என்று ஒரு பெண் மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தால், ‘இதற்கா இவ்வளவு’ என்று கேட்கத் தோன்றும். அவளுக்கு அது சின்ன விஷயமே அல்ல. வீட்டை விட்டு வெளியே போய், தனக்கென்று ஒரு கூட்டத்தைத் தேடிக்கொள்வதற்காகவே அவளுடைய மூளை இந்த வயதில் தயாராகிக்கொண்டிருக்கிறது. சமூகப் பதற்ற நோய் இந்த வயதில் வேர்விடுவதும், சக பிள்ளைகளின் சீண்டலும் அவமதிப்பும் மனச்சோர்வுக்கு வழிவகுப்பதும் இதனால்தான்.

அழுத்தம் வந்தபிறகு அடங்குவதிலும் வித்தியாசம் இருக்கிறது. ரஸ்ஸல் ரோமியோ எலிகளில் செய்த ஆய்வுகளில், வளர்ந்த எலிக்கும் பருவமடையாத எலிக்கும் ஒரே அளவு அழுத்தம் கொடுக்கப்பட்டது. இரண்டுக்கும் அழுத்த ஹார்மோன் ஒரே மாதிரி ஏறியது. இறங்குவதில்தான் வேறுபாடு: சின்ன எலியின் உடம்பில் அது முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் வரை கூடுதலாகத் தங்கியது. மனிதப் பிள்ளைக்கு இதை அப்படியே பொருத்த முடியாது. ஆனாலும், திட்டு வாங்கிய பிள்ளை அதை மறக்க ஏன் இவ்வளவு நேரமாகிறது என்று பொறுமையிழக்கும்போது இதை நினைத்துக்கொள்ளலாம்.

பருவமடைதலின் ஹார்மோன்களும் இதில் சேர்கின்றன. சிறு வயதில் மனச்சோர்வு ஆண், பெண் இருபாலருக்கும் ஏறத்தாழ சமமாகவே வருகிறது. பதின்மூன்று வயதுக்குப் பிறகு பெண்களிடம் அது கூடி, இரண்டு மடங்கை எட்டுகிறது. மற்றவர்களுக்கு முன்பே பருவமடையும் பெண்களுக்கு வாய்ப்பு இன்னும் அதிகம். ஹார்மோன் மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. பத்து வயதில் பெரியவள்போல் தெரியும் உடம்பை உலகம் எப்படிப் பார்க்கிறது, எப்படி நடத்துகிறது என்பதும் அவள் மனதில்தான் போய்ச் சேர்கிறது.

தூக்கம்

தூக்கத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நம் கையில் இருக்கும் விஷயம் இது.

இரவு பன்னிரண்டு மணிக்கும் ஒரு பையன் கொட்டக்கொட்ட விழித்திருக்கிறான், காலையில் மூன்று முறை எழுப்பியும் எழுந்திருப்பதில்லை. செல்போனையும் சோம்பலையும் திட்டுகிறோம். செல்போனுக்கும் பங்கு இருக்கிறது. ஆனால் செல்போன் வருவதற்கு முன்பே மேரி கார்ஸ்கடன் போன்ற ஆய்வாளர்கள் கண்டறிந்தது வேறு. பருவமடையும்போது உடம்பின் உள்கடிகாரமே பின்னுக்குத் தள்ளிப்போகிறது. தூக்கத்தை அழைக்கும் மெலடோனின் இரவில் தாமதமாகச் சுரக்கிறது. முன்பைவிட இரண்டு மணி நேரம் வரை தூக்கம் தள்ளிப்போகலாம். பகல் முழுக்க விழித்திருப்பதால் சேரும் தூக்கக் களைப்பும் சிறு பிள்ளைகளைவிட மெதுவாகவே சேர்கிறது. தேவை மட்டும் குறையவில்லை. எட்டிலிருந்து பத்து மணி நேரம் தூங்க வேண்டும். தூங்கப்போவது தள்ளிப்போய், பள்ளி மணி மட்டும் அப்படியே இருந்தால் நடுவில் வெட்டுப்படுவது தூக்கம்தான்.

இதனால்தான் அமெரிக்கக் குழந்தைகள் நல மருத்துவர்களின் சங்கம், நடுநிலை, உயர்நிலைப் பள்ளிகள் காலை 8.30க்கு முன் தொடங்கக் கூடாது என்று 2014இல் பரிந்துரைத்தது. கலிஃபோர்னியா மாநிலம் அதைச் சட்டமாகவே ஆக்கி, உயர்நிலைப் பள்ளிகளுக்கு 8.30, நடுநிலைப் பள்ளிகளுக்கு 8 மணி என்று 2022இலிருந்து நடைமுறைக்குக் கொண்டுவந்தது.

தூக்கம் கெட்டால் மனச்சோர்வும் பதற்றமும் வரும் வாய்ப்பு கூடுகிறது. மனச்சோர்வு வந்தால் தூக்கம் கெடுகிறது. இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு கீழே போகும். ஒரு வித்தியாசத்தைக் கட்டாயம் தெரிந்துவைத்திருக்க வேண்டும். ராத்திரி தூங்காமல் காலையில் களைத்துக் கிடப்பது ஒன்று. நாள்கணக்கில் இரண்டு, மூன்று மணி நேரமே தூங்கியும் களைப்பே இல்லாமல், பேச்சு நிற்காமல், பெரிய பெரிய திட்டங்களோடு ஓடிக்கொண்டிருப்பது வேறொன்று. இரண்டாவது, இருதுருவ நோயின் முதல் எழுச்சியாக இருக்கலாம். அதற்குக் காத்திருக்காமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

கஞ்சாவையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கஞ்சாவிலிருக்கும் வேதிப்பொருள் போய் ஒட்டும் இடங்கள் மூளையில் ஏற்கெனவே இருக்கின்றன. மூளை தானே சுரக்கும் சில பொருள்களுக்கானவை அவை. நரம்பிணைப்புகள் சீரமையும் வேலையிலும் அவற்றுக்குப் பங்குண்டு. நியூசிலாந்தின் டனீடன் நகரில் 1972-73இல் பிறந்த 1,037 குழந்தைகளை இன்றுவரை பின்தொடரும் ஆய்வு ஒன்று இருக்கிறது. அதில் 15 வயதுக்குள் கஞ்சாவைத் தொடங்கியவர்களில் பத்தில் ஒருவருக்கு, 26 வயதில் மனச்சிதைவை ஒத்த நோய் இருந்தது. தொடாதவர்களில் அது நூற்றில் மூன்று பேர். பதினோரு வயதிலேயே சிலருக்கு விநோத அனுபவங்கள் இருந்ததைக் கணக்கில் எடுத்தபோது இந்த இடைவெளி குறைந்தது. ஏற்கெனவே தடுமாறும் பிள்ளைகள்தான் கஞ்சாவை நாடினார்களோ என்ற கேள்விக்கு அதில் இடமுண்டு. எண்ணிக்கையும் சிறியதுதான். ஆனால் வேறு நாடுகளின் பெரிய ஆய்வுகளும் இதே திசையைத்தான் காட்டுகின்றன: எவ்வளவு சின்ன வயதோ, எவ்வளவு வீரியமோ, எவ்வளவு அடிக்கடியோ, அவ்வளவு ஆபத்து.

எப்போது கவலைப்பட வேண்டும்?

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 10 முதல் 19 வயதுவரை உள்ளவர்களில் ஏழில் ஒருவருக்கு ஏதோ ஒரு மனநலப் பாதிப்பு இருக்கிறது. மற்ற ஆறு பேருக்கும் இதே கவாத்து, இதே ஹார்மோன், இதே தள்ளிப்போன தூக்கம்தான். அவர்கள் கோபப்படுகிறார்கள், அழுகிறார்கள், கதவைச் சாத்துகிறார்கள், பிறகு கடந்தும் போகிறார்கள். அப்படியானால் அந்த ஏழாவது பிள்ளையை எப்படிக் கண்டுகொள்வது?

இரண்டு பெண்களை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருத்தி சாப்பாட்டு மேசையில் அம்மாவிடம் கத்திவிட்டுத் தட்டைத் தள்ளிவிட்டுப் போகிறாள். பத்து நிமிடத்தில் அவள் அறையிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்கிறது, தோழியோடு பேசிக்கொண்டிருக்கிறாள். இன்னொருத்தி கத்துவதே இல்லை. “பசிக்கலை” என்கிறாள், அவ்வளவுதான். அவளுடைய செல்போன் மேசையில் கிடக்கிறது, தோழியிடமிருந்து அழைப்பு வருகிறது, அவள் அதைப் பார்த்துக்கொண்டே எடுக்காமல் விடுகிறாள். அவள் ஆசையாக வரைந்துகொண்டிருந்த நோட்டைத் திறந்து இரண்டு மாதம் ஆகிறது. தலை வாரி நாலு நாளாகிறது. வீட்டில் சண்டை போடுகிறவள் முதலாமவள்தான், அதனால் எல்லோருடைய கவனமும் அவள்மேல்தான் இருக்கும். கவலைப்பட வேண்டியது இரண்டாமவளைப் பற்றி.

பெற்றோரோடு முறைத்துக்கொள்வது வளர்ச்சியின் பகுதி. நண்பர்களையும் பிடித்ததையும் சேர்த்தே கைவிடுவது அப்படியல்ல. தூக்கம், சாப்பாடு, படிப்பு, குளியல், நட்பு என்று பல பக்கமும் ஒரே நேரத்தில் சரிந்து, இரண்டு வாரத்துக்கு மேல் அப்படியே நீடித்தால் அதை வயதின்மேல் போட்டுவிடக் கூடாது. இந்த வயதில் மனச்சோர்வு சோகமாக வராமல் எரிச்சலாகவும் வரும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். யாரோ பேசுவது காதில் கேட்கிறது, எல்லோரும் என்னையே கவனிக்கிறார்கள், என் எண்ணம் மற்றவர்களுக்குத் தெரிந்துவிடுகிறது என்று பிள்ளை சொன்னால் இரண்டு வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம்.

உயிரை விட்டுவிடத் தோன்றுகிறதா என்று கேட்கப் பெரியவர்கள் பயப்படுகிறார்கள். இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்ற பயம். நியூயார்க் மாநிலத்தின் ஆறு உயர்நிலைப் பள்ளிகளில் 2,342 மாணவர்களிடம் இதைச் சோதித்துப் பார்த்து, 2005இல் முடிவை வெளியிட்டார்கள். கேட்கப்பட்டவர்களுக்கு மன வேதனையும் கூடவில்லை, அந்த எண்ணமும் கூடவில்லை. ஏற்கெனவே தடுமாறிக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கு, கேட்டது கொஞ்சம் ஆறுதலாகவே இருந்திருக்கலாம் என்றும் தெரிந்தது. எனவே நேராகக் கேட்கலாம். ஆமாம் என்று பதில் வந்தால், அவர்களைத் தனியாக விடாமல் அன்றைக்கே உதவியைத் தேட வேண்டும்.

சீக்கிரம் கண்டுபிடித்தால் உண்மையிலேயே ஏதாவது மாறுமா? நார்வேயில் ரோகாலாண்ட் என்ற பகுதியில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். பிரமைகளும் சந்தேகங்களும் தொடங்கியதிலிருந்து முதல் சிகிச்சை கிடைக்கும்வரை நோயாளிகளில் பாதிப் பேர் அங்கே 26 வாரங்களுக்கு மேல் காத்திருந்தார்கள். 1997இலிருந்து மக்களுக்குத் தொடர்ந்து தகவல் கொடுக்க ஆரம்பித்தார்கள். செய்தித்தாளில், வானொலியில், திரையரங்கில் விளம்பரம். பள்ளி ஆசிரியர்களுக்கும் குடும்ப மருத்துவர்களுக்கும் பயிற்சி. யார் வேண்டுமானாலும் நேரடியாகத் தொலைபேசியில் அழைக்க ஒரு குழு. காத்திருப்பு 5 வாரத்துக்கும் கீழே இறங்கியது. பத்து வருடம் கழித்துப் பார்த்தபோது, இந்த ஏற்பாடு இருந்த பகுதியின் நோயாளிகளில் 31 சதவீதம் பேர் குணமடைந்து வேலை, வீடு என்று வாழ்ந்துகொண்டிருந்தார்கள். இது இல்லாத பகுதிகளில் 15 சதவீதம் பேர்.

இடையில் அந்த விளம்பரங்களை நிறுத்தினார்கள். குழு அப்படியேதான் இருந்தது, தொலைபேசி எண்ணும் மாறவில்லை, சிகிச்சையும் அதேதான். காத்திருப்பு மட்டும் மறுபடியும் 15 வாரமாக ஏறிவிட்டது.